அழிப்பதற்கு முன் ஒரு டீ

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறீர்கள்: இதில் அப்படி என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. ஒரு பெட்டி நிறைய வட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்குகள். அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே இடமாகக் காட்டு என்கிறோம், காட்டுகிறது. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். பிறகு கலைத்துவிட்டு அதைவிடப் பெரிதாக இன்னொன்று. உருவாக்கு, பார், கலை. உருவாக்கு, பார், கலை. கோவிந்தாபுரம் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு பழைய மில் கட்டடத்தில் இருந்த எங்கள் சோதனைக் கூடத்தில் என் வயதின் நல்ல பாதி இப்படித்தான் போயிற்று.

வெளியே கணவாய்க் காற்று மட்டைகளைப் போட்டு உலுக்கும். உள்ளே விசிறிகளின் இரைச்சல். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இல்லாத ஒரு நிலத்தை நான் அளந்துகொண்டிருப்பேன். அந்த நிலத்துக்கு மண் கிடையாது, வேலி கிடையாது, எண்கள் மட்டும்தான். முதல் அறை, அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று கண்ணுக்கெட்டாத தூரம் வரை. ஒரு வட்டு செத்தால் மற்ற வட்டுகள் கூடிப் பேசி, அது வைத்திருந்ததைத் திரும்பச் சொல்லிவிடும். ரெய்டு என்ற ஏற்பாட்டின் அழகே அதுதான். வெளியிலிருக்கும் கணினிக்கு இந்தச் சாவும் தெரியாது, பேச்சும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் வால்யூம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஒரே பரந்த வெளி. அந்த வெளியை நம்பி யாரோ எதையோ கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆகவே இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்த யாரோ இருக்கிறார் என்று சொல்வேன்.

வேலையை நான் வயதாவதற்கு முன்பே விட்டுவிட்டேன். ஓய்வு என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. ஒரே இடத்தில் உட்கார எனக்கு வருவதில்லை. சொல்ல வந்தது வேறு. குமுளி மருத்துவமனைக்கு ஒரு பெட்டி கொண்டுபோன கதை.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எதை அழிப்பதாக இருந்தாலும், அது சோதனைக்காக உண்டாக்கிய வெற்று வால்யூமாகவே இருந்தாலும், கட்டளையைத் தட்டுவதற்கு முன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. ஒரு நாளில் ஏழெட்டு முறை அழிக்கிற வேலை என்பதால் எங்கள் எல்லோருக்கும் நெஞ்செரிச்சல் இருந்தது. டீயைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு, நடையைக் குறைத்தவர்கள் இல்லை.

மருத்துவமனை கேட்டிருந்தது, நாங்கள் அதுவரை செய்த எதையும்விடப் பெரிய வால்யூம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், இன்னும் பல வருடங்களுக்கு இடம் போதாமல் போகக்கூடாது. கூடத்தில் உருவாக்கினோம். வழக்கமான ஃபில் டெஸ்ட் ஓட்டினோம். அதாவது வால்யூமின் முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரை எழுதி நிரப்புவது, பிறகு முதலிலிருந்து வாசித்து எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு எழுத்து பிசகவில்லை. பாஸ்.

பெட்டியோடு நானும் முருகேசனும் மலையேறினோம். முருகேசன் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பெற்றோர் இருவருக்கும் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வேகமான கை, அதைவிட வேகமான வாய்.

மருத்துவமனையில் படங்களுக்குப் பொறுப்பு ஜெயா. கம்பத்தில் பிறந்து குமுளியில் வாழ்க்கைப்பட்டவர். ஃபிலிம் தாள்களை அலமாரியில் அடுக்கி வைத்த காலத்திலிருந்தே அந்த அறை அவருடையது. அவருடைய பழைய பெட்டிகள் இரண்டும் வாடகைக்கு எடுத்தவை, கிட்டத்தட்ட நிரம்பியிருந்தன. அவற்றில் ஒன்று ஏற்கெனவே ஒரு வட்டை இழந்து, விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. திட்டம் எளியது. படங்களைப் புதிய பெட்டிக்கு நகலெடுப்பது, சரிபார்ப்பது, பழைய பெட்டிகளை முழுக்க அழித்துத் திருப்பி அனுப்புவது. நோயாளிகளின் படங்கள் என்பதால் அழிக்காமல் அனுப்பக் கூடாது.

நகல் முடிந்தது. ஜெயா அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்த்தார். எல்லாம் திறந்தன. பழைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகக் கம்பத்திலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது. ஜெயா அழிக்கும் திரைக்கு முன் உட்கார்ந்தார்.

“அழிச்சிரலாமா மேடம்?” என்று என்னைக் கேட்டார்.

“ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றோமுங்க,” என்றேன்.

“இப்பவா?” என்றார் ஜெயா.

“எங்க ஆபீஸ் சாமி குத்தம் ஆயிரும்ங்க,” என்று முருகேசன் கைகூப்பினான். அவர் சிரித்துவிட்டுப் படம் பார்க்கப் போனார்.

கேன்டீனில் முருகேசன் தன் சித்தப்பா கதையை எடுத்தான். தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் லயம் லயமாக இருக்கும். நீளமான ஒரே கட்டடம், அதில் வரிசையாக வீடுகள். ஒரே சுவர், ஒரே ஓடு, ஒரே பச்சைக் கதவு.

“கோயில் கொடைக்குப் போயிட்டு மனுசன் நல்லா ஏத்திக்கிட்டு வாராரு அக்கா. ஒரே மூட்டம், முன்னால நிக்கிற ஆள் தெரியாது. கதவத் தள்ளுனாரு, உள்ள போனாரு. சட்டில சோறு இருக்கு. போட்டுத் தின்னாரு. படுத்துட்டாரு.”

“அதிலென்ன?”

“அது எங்க சித்தப்பா வீடே இல்ல. நாலு வீடு தள்ளி.”

“ஏன் முருகேசு, சோத்து ருசியிலகூடவா தெரியல?”

“ரேசன் அரிசிதானக்கா, எல்லா வீட்லயும் ஒரே ருசிதான். சாம்பாரும் அதே கடைப் பருப்பு. காலையில அந்த வீட்டு அத்தை வந்து, ‘ஏய்யா, எங்க வீட்ல என்ன பண்றே?’ங்குது. இவரு படுத்துக்கிட்டே, ‘நீ எங்க வீட்ல என்ன பண்றே?’ங்காரு. அதுக்கப்புறந்தான் எங்க லயத்துல கதவுக்குக் கதவு நம்பர் எழுதுனாங்க.”

சிரித்தேன். டீ மூக்கில் ஏறியது. சிரிப்பு அடங்கும்போது வேறொன்று ஏறியது.

நாங்கள் எல்லா அறையிலும் ஒரே எழுத்தைத்தானே எழுதியிருந்தோம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பழைய வண்டிகளில் கிலோமீட்டர் காட்டும் சக்கரம் உண்டு. எல்லாம் ஒன்பதாக நின்றபின் இன்னும் ஓட்டினால் எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். பெட்டிக்குள் அறைகளை எண்ணும் மென்பொருளுக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கலாம். அந்த எல்லைக்கு அப்பால் உள்ள அறையில் எழுது என்றால், அது தெரியாமல் முதல் அறையில் போய் எழுதிவிடும். வாசி என்றால் அதே முதல் அறையிலிருந்து வாசித்துக் காட்டும். எல்லா அறையிலும் ஒரே எழுத்து என்றால், வீடு மாறிப் படுத்ததை யார் கண்டுபிடிப்பது? எங்கள் சோதனை அந்தச் சித்தப்பாவைப் போல நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

“முருகேசு, ஃபில் டெஸ்ட்ல அறைக்கு அறை வேற வேறயா எழுதறமா?”

“இல்லக்கா. ஒரே தொடர்தான். அப்பத்தான் பிசகுனா திரையில பளிச்சுனு கண்ணுல படும். எல்லாரும் அதத்தான் ஓட்டுறாங்க, வருசக்கணக்கா.”

“சின்ன வால்யூமுல ஓட்டுனாங்க. இத்தனை பெருசா நாம எப்ப உண்டாக்குனோம்?”

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

ஜெயாவின் படங்கள் புதிய வால்யூமின் தொடக்கத்தில் ஒரு மூலையைத்தான் அடைத்திருந்தன. இன்று எல்லாம் திறக்கும். நாளையும் திறக்கும். வருடங்கள் போய்ப் புதிய படங்கள் அந்த எல்லையைத் தாண்டும் நாளில், ஒவ்வொரு புதுப் படமும் ஒரு பழைய படத்தின் மேல் போய் உட்காரும். ஒரு சத்தமும் வராது. எச்சரிக்கை விளக்கு எரியாது. முதலில் போவது மிகப் பழைய படங்கள். அந்த மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்கள். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்த நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்ல முடியும்.

உண்மையில் அப்படி ஒரு குறை இருக்கிறதா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மீதி இடம் முழுவதையும் அறைக்கு அறை வேறு எழுத்தால் கடைசி வரை நிரப்பிப் பார்ப்பது. குறை இருந்தால், அந்த நிரப்பலே ஜெயாவின் படங்களை மேலெழுதி அழித்துவிடும். ஆகவே பழைய பெட்டிகள் அழியாமல் இருக்கும்போதுதான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். அழித்த பிறகு சந்தேகப்பட எங்களுக்கு உரிமையே கிடையாது.

முருகேசன் மெல்லக் கேட்டான். “அக்கா, கேபிள் சரியில்லன்னு சொல்லி நிறுத்திருவமா? நம்ம மானமும் போகாது.”

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் கேபிள் என்று சொன்னால், அவர்கள் ஒரு நல்ல கேபிளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு அழித்துவிடுவார்கள். பொய்க் காரணம் சொன்னால் பொய்யான பரிகாரம்தான் வந்து சேரும். இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழும்.

“என்ன சாந்தாமணி, அழிச்சாச்சோல்லியோ?”

“இல்லீங்க சார். நிறுத்தி வெச்சிருக்கறமுங்க.” காரணத்தைச் சொன்னேன், லயத்துச் சித்தப்பா கதையோடு.

“பாஸ்ன்னு நீதானே சொன்னாய்?”

“ஆமாங்க.”

“இப்போ பெட்டில பிரஷ்னம், கோளாறு உண்டா, இல்லையா? ரெண்டிலொண்ணு சொல்லு.”

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னு ஆஸ்பத்திரிக்காராகிட்ட எப்படிச் சொல்றதாக்கும்?”

“தெரியாதுன்னேதானுங்க சொல்லோணும்.”

அவர் குரல் தாழ்ந்தது. “அந்தப் பழைய பெட்டி ஒண்ணு ஏற்கெனவே தகராறுன்னு சொன்னையே. நீ நிறுத்தி வெச்சு, அது நடுவில செத்துப்போனா?”

அவர் கேட்டது சரியான கேள்வி. நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். கீச்சிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில் இன்னொரு வட்டும் போனால், அதிலிருக்கும் படங்களுக்கு எங்கள் சந்தேகத்துக்குரிய நகல் ஒன்றுதான் மிச்சம். இரண்டு பக்கமும் பள்ளம்.

“அதுக்குத்தானுங்க சார், கீச்சிடற பெட்டியில இருக்கறத மொதல்ல தனி வட்டுல ஒரு நகல் எடுத்துக்கறோம். அப்புறம் நிரப்பறோம். ஆனா இத நானும் நீங்களும் முடிவு பண்றதில்லீங்க. படம் அவங்களுது.”

“சரி,” என்றார் ஒருவழியாக. “சம்மதம். ஆனா அலங்காரம் ஒண்ணும் வேண்டாம், கேட்டியா. பச்சையாச் சொல்லு.”

பச்சையாகச் சொன்னேன். ஜெயா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கிலோமீட்டர் சக்கரம், லயத்துக் கதவு, எல்லாம் சொன்னேன்.

“அப்ப நேத்து நீங்க சரின்னு சொன்னது?”

“பார்த்த வரைக்கும் சரிங்க. பார்த்தது பத்தாது.”

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். “ஃபிலிம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முடிச்சப்ப, ஒருத்தரு வந்து எல்லாம் ஏறிருச்சு, பழச எடைக்குப் போட்டுருங்கன்னாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டுப் போட்டுட்டேன். அப்புறம் தேடி வந்த ஒரு அம்மாவுக்குப் படம் இல்ல. நான் என்னத்தச் சொல்ல?” பிறகு, “எத்தன நாளாகும்?” என்றார்.

“நாளைக்கு முடியாதுங்க. அதுக்கு மேல ஆகும்.”

“ஆகட்டும். பழைய பொட்டியிலயே ஒதுக்குப்புறமா எடம் பாத்து அதுவரைக்கும் வர்ற படத்தப் போட்டுக்கிறேன்.”

வாசலில் வண்டிக்காரர் பீடியை அணைத்துவிட்டு வந்தார். “ஏத்தலாமா?”

“இன்னைக்கு இல்லண்ணே,” என்றான் முருகேசன்.

“பொட்டி ஏத்த மலையேறச் சொன்னீங்க. ஏறிட்டேன். இப்ப காத்த ஏத்திக்கிட்டு எறங்கணுமாக்கும்? படிச்சவுக ஏற்பாடே தனி.” வண்டியைத் திருப்பும்போதும் பேசிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை.

நகல் எடுத்தோம். முருகேசன் சோதனையை மாற்றி எழுதினான்: ஒவ்வொரு அறையிலும் அந்த அறையின் எண்ணையே எழுது. நிரப்பத் தொடங்கினோம். அதன்பிறகு எங்களுக்கு வேலை இல்லை. காத்திருப்பதும் நம் தொழிலில் ஒரு வேலை என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். கடைத்தெருவில் நடந்தேன். ஏலக்காய்க் கடை வாசல்களில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்; கைகள் தாமாக அசைய, வாய்கள் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தன. மலைக்கு மேல் மேகம் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. திரும்பி வந்து திரையைப் பார்த்தால், எண்கள் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஊர்ந்து ஊர்ந்து, இதுவரை எவர் கையும் படாத அறைகளுக்குள்.

கடைசி அறையும் நிரம்பியபின், முதலிலிருந்து வாசித்தோம். பழைய பெட்டியிலிருக்கும் படங்களோடு புதிய பெட்டியின் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். நிரப்பிய அறைகளில் அந்தந்த எண் இருக்கிறதா என்று பார்த்தோம்.

எல்லாம் இருந்தன. ஒவ்வொரு அறையும் தன் எண்ணைச் சரியாகச் சொன்னது. ஒரு படமும் நகரவில்லை. வால்யூம் கடைசி வரை உண்மையாக இருந்தது. நான் பயந்த குறை அதில் இல்லவே இல்லை.

அந்தக் கணத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நெஞ்சுக்குள் எதுவோ சொத்தென்று விழுந்தது. நிம்மதி இல்லை அது. ஏமாற்றம். வண்டியைத் திருப்பி அனுப்பி, மேனேஜரைத் தாழ்ந்த குரலில் பேசவைத்து, ஊரையே காக்கவைத்தேனே, ஒரு சின்னக் குறையாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு குரல். ஜெயாவின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை! அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

“என்னக்கா மூஞ்சி தொங்கிருச்சு?” என்றான் முருகேசன். “புள்ள பாஸாயிருச்சுன்னு அழுகுற டீச்சர இப்பத்தான் பாக்குறேன்.”

உங்களுக்கும் அந்தக் குரல் கேட்கும். குறை கண்டுபிடிப்பவர்களாகவே நம்மை வளர்க்கிறார்கள். அதனால் குறை இல்லாத நாள் தோற்ற நாளாகத் தெரியும். அப்படித் தெரியத் தொடங்கினால் அடுத்த முறை சந்தேகம் வரும்போது, இது நிஜமாகவே குறையாக இருக்குமா, நான் சொல்லி அசிங்கப்படுவேனா என்று கணக்குப் போடுவீர்கள். கணக்குப் போட்டு வாயை மூடிக்கொள்வீர்கள். சந்தேகம் பலிக்க வேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை. அது தீர வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அது படங்களின் சொந்தக்காரருக்கு லாபம். நமக்கு அதில் பங்கு கேட்க வழியில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். திட்டுவார் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லீங்க.”

“சாரமில்லை, போகட்டும். பேஷ். வண்டிக்காரனை நான் சமாதானப்படுத்திக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வந்ததும் மொதக் காரியம், அந்தப் பழைய ஃபில் டெஸ்டைத் தூக்கி எறியணும். இனிமே எல்லா வால்யூமுக்கும் இதுதான்.” பிறகு, “அந்தச் சித்தப்பா இப்போ எங்கே இருக்காராக்கும்? ஒரு வேஷ்டி வாங்கிக் குடுக்கணும்,” என்றார்.

அன்று மாலை, இன்னொரு டீக்குப் பிறகு, நிரப்பிய எண்களைத் துடைத்துவிட்டு, இடையில் பழைய பெட்டியில் சேர்ந்த படங்களையும் புதியதற்கு நகலெடுத்து ஒப்பிட்டோம். மறுநாள் காலை வண்டி மறுபடி ஏறி வந்தது. வண்டிக்காரர் இறங்கவில்லை, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, “நீங்க முடிவு பண்ணுங்க, நான் இங்கனயே குடியிருக்கேன்,” என்றார்.

ஜெயா திரைக்கு முன் உட்கார்ந்தார். புதிய பெட்டியிலிருந்து இரண்டு படங்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நெஞ்சு, நடுவே பல வருடங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முருகேசனைக் கூப்பிட்டு, ஒப்பிட்டுப் பார்த்த முடிவைத் திரையில் காட்டச் சொன்னார். அதைத் தானே மேலிருந்து கீழ்வரை உருட்டி வாசித்தார். புரியாத இடத்தில் விரலை வைத்துக் கேட்டார், புரிந்ததும் விரலை எடுத்தார்.

‘ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா அழிங்க’ என்று சொல்ல நான் வாயெடுத்திருந்தேன். அவர் எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அழிக்கும் பொத்தானைத் தட்டினார். உறுதிதானா என்று திரை கேட்டதற்கு ஆம் என்று மறுபடி தட்டினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணே, அழிஞ்சு முடிய சாயங்காலம் ஆகும். எறங்கி வந்து சாப்பிடுங்க.”